விழுந்தபின் மீண்டும் ஏறுவது எப்போது?



மோட்டார் சைக்கிளில் ஏறி, மேடும் பள்ளமும் சகதியும் நிறைந்த திடலில் பந்தயம் ஓடும் பெண்களைப் பற்றியும், அப்படி ஓடுகையில் விழுந்து அடிபட்டவர்கள் மறுபடியும் வண்டியேறுவதைப் பற்றியும் இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். எட்டயபுரத்துப் பக்கத்தில் பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி கற்பித்த நான் இந்தப் பொருளை எடுத்துக்கொள்வானேன் என்று உங்களுள் சிலருக்குத் தோன்றலாம். பந்தயத் திடலைப் பார்த்து வளர்ந்தவனல்லன் நான். ஆயினும், கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே கிடக்கும் எங்கள் கரிசல் பூமியில், மோட்டார் வண்டி ஓட்டும் பெண்ணைக் காண்பது இன்று அதிசயமன்று. பருத்திக் காட்டுக்குக் கஞ்சி கொண்டு செல்பவளும், ஆட்டுக்குக் குழை கட்டி வருபவளும், தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிறவளும், கல்லூரிக்குச் செல்லும் மாணவியும் வண்டியில்தான் போகிறார்கள். மழை பெய்த மறுநாள் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுழலவிடாது. கோடையிலோ பாளம் பாளமாக வெடித்துச் சக்கரத்தைக் கவ்வும். இத்தகைய மண்ணில் வண்டி ஓட்டுகிறவர்கள் விழாமல் இருப்பதில்லை. விழுந்தவர்கள் மீண்டும் எப்போது ஏறலாம், எப்படி ஏறலாம் என்னும் கேள்வி பந்தய வீராங்கனைக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுப் பெண்ணுக்கும் உரியது. பந்தயக்காரர்கள் அந்தக் கேள்விக்குக் கண்டிருக்கும் விடை நமக்கும் பயன்படும் என்பதே என் எண்ணம்.

முதலில் இந்த விளையாட்டு இன்னதென்று தெரிந்துகொள்வோம். இதற்கு மோட்டோகிராஸ் என்று பெயர். மோட்டார் சைக்கிளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முற்பகுதியையும், காட்டுவெளியைக் குறுக்கே கடப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பகுதியையும் இணைத்து இப்பெயரை ஆக்கினார்கள். 1924-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கேம்பர்லி என்னும் ஊருக்கு அருகே நடந்த ஒரு போட்டியை இவ்வகைப் பந்தயத்தின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். தார்ச்சாலையோ சிமெண்டுத் தளமோ இதற்கு இல்லை. ஒன்றரை அல்லது இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுள்ள மண் திடலில், வேண்டுமென்றே குன்றுபோல் மேடுகளை எழுப்பி, குறுகிய வளைவுகளை வைத்து, நாற்பது பேர் வரை ஒரே கணத்தில் புறப்படுவார்கள். மேட்டின் உச்சியில் வண்டி தரையை விட்டு எழும்பி, ஆகாயத்தில் பல மீட்டர் தூரம் பறந்து, அடுத்த மேட்டின் சரிவில் இறங்கும். வண்டியின் எடை நூறு கிலோவை ஒட்டியிருக்கும். அதிர்வைத் தாங்கும் சுருள்வில் தண்டுகள் ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்கி எழும்.

பார்வைக்கு இது வண்டியின் வேலையாகத் தோன்றும். உண்மையில் உடலின் வேலையே பெரிது. ஓட்டுகிறவர் இருக்கையில் அமர்ந்திருப்பது சிறிது நேரமே. பெரும்பாலும் காலடித் தாங்கிகளின்மேல் நின்றுகொண்டு, முழங்காலால் வண்டியை இறுக்கிப் பிடித்து, முழங்கையை விரித்து, உடலை முன்னும் பின்னும் பெயர்த்தபடி இருப்பார். பந்தயம் நடக்கும் நேரம் முழுவதும் இதயத் துடிப்பு அதன் உச்ச அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு ஏறி நிற்கும் என்று ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். கைப்பிடியை ஓயாமல் இறுக்குவதால் முன்கைத் தசையில் குருதி தேங்கி, கட்டைபோல் விறைத்து, விரலால் நிறுத்தியைக்கூட இழுக்க முடியாமற்போவதும் உண்டு. ஆதலால் கையை இளக்கமாகவும், தொடையை இறுக்கமாகவும் வைத்துக்கொள் என்பது இவ்விளையாட்டின் முதற்பாடம்.

மண்ணுக்கேற்ற ஓட்டம் என்பது இரண்டாம் பாடம். அதை விளக்க நான் வெளிநாட்டுக்குப் போகவேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே இருவகை மண் உண்டு. எட்டயபுரத்தைச் சுற்றிலும் கரிசல். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனால் தேரி எனப்படும் செம்மணற்குன்றுகள். கரிசலில் ஈரம் இருந்தால் வழுக்கும். அங்கே திடீரென்று நிறுத்தியை அழுத்துகிறவர் விழுவார். தேரி மணலிலோ வேகத்தைத் திடீரென்று குறைத்தால் முன்சக்கரம் புதைந்து வண்டி கவிழும். உடலின் பாரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இயந்திரத்தின் இழுவை அறாமல் ஓட்டவேண்டும். இந்த அறிவு புத்தகத்தால் வருவதன்று. உடம்பு தானே கற்றுக்கொள்வது. ஆகவேதான் உடம்பு முழுமையாகத் தேறாதபோது இந்த அறிவும் முழுமையாக வேலை செய்யாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிப் பெண்கள் இத்துறைக்கு வந்த வரலாறு. அமெரிக்காவில் 1970-க்குப் பின்னரே பெண்கள் இத்தகைய பந்தயங்களில் உரிமைச் சீட்டுப் பெற்று ஓடத் தொடங்கினார்கள். உலக அளவில் பெண்களுக்கெனத் தனி மோட்டோகிராஸ் பட்டப் போட்டியை, சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேதான் ஏற்படுத்தியது. பிரான்சு நாட்டு லிவியா லான்செலோ 2008-இலும் மறுபடி 2016-இலும் பட்டம் பெற்றார். இத்தாலி நாட்டுக் கியாரா ஃபொண்டானெசி ஆறு முறை பட்டம் வென்றார். நம் நாட்டிலோ, சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953-இலேயே தோன்றி, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளமாகிய சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடத்தியது. பிறகு திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனித் திடல் அமைந்தது. சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா, பந்தய வீரராகிய தம் தந்தையிடம் பயின்று, மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஆண்களோடு சரிநிகராக ஓடிப் பெயர் பெற்றார்.

காயத்திலிருந்து மீண்டவர் என்ற வகையில் நான் இன்று விரிவாகச் சொல்ல விரும்புவது பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே என்ற வீராங்கனையைப் பற்றி. அவர் ஓடியது மோட்டோகிராஸுக்கு மிக நெருங்கிய உறவான மற்றொரு பந்தயம். திடலைச் சுற்றி வராமல், பாலைவனமும் காடும் மலையும் ஊடாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும் இதற்குப் பாஹா என்று பெயர். அவர் ஓட்டியது டி.வி.எஸ். நிறுவனத்தின் பந்தய அணிக்காக. அந்த நிறுவனத்தின் மூலவரான டி. வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்த ஊர் நம் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடி என்பதையும், அவர் 1911-இல் மதுரையில் தொழில் தொடங்கினார் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன்.

ஐஸ்வர்யாவுக்கு 2017-ஆம் ஆண்டில் காறையெலும்பு முறிந்தது. தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் எலும்பு அது. அறுவை சிகிச்சை செய்து, உலோகத் தகடு வைத்துத் திருகாணிகளால் பொருத்தினார்கள். அதிலிருந்து தேறி, 2018-இல் ஸ்பெயின் நாட்டு அரகான் பகுதியில் நடந்த பாஹா பந்தயத்துக்குச் சென்றார். அங்கே விழுந்தார், இம்முறை அடிபட்டது எலும்பு அன்று, கணையம். கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் பதுங்கிக் கிடக்கும் உறுப்பு. உணவைச் செரிக்கும் நீரையும், குருதியின் சர்க்கரையை அடக்கும் இன்சுலினையும் சுரப்பது. வயிற்றில் பலத்த அடி விழுந்தால் அது முதுகெலும்பின்மேல் நசுங்கிக் கிழியக்கூடும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே இவ்வாறு நேர்வதால் அபாயம் மிகுதி.

அடுத்த ஆண்டு, 2019-இல், அவர் உலகக் கோப்பைக்கான பாஹா பந்தயங்களில் மீண்டும் கலந்துகொண்டார். துபாயில் பெண்கள் பிரிவில் முதலிடம் பெற்றார். போர்ச்சுகலில் மூன்றாம் இடம். பிறகு அதே அரகான்; சென்ற ஆண்டு உயிரைப் பறிக்கப் பார்த்த அதே மண். அங்கே அவர் பெற்றது ஐந்தாம் இடம். இறுதியாக ஹங்கேரியில் நான்காம் இடம். நான்கையும் கூட்டினால் 65 புள்ளிகள். போர்ச்சுகல் நாட்டு ரீட்டா வியேராவுக்கு 61 புள்ளிகள். பெண்கள் பிரிவின் உலகக் கோப்பை ஐஸ்வர்யாவுக்குக் கிடைத்தது. மோட்டார் விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்று பத்திரிகைகள் அவரைப் போற்றின.

மாணவர்களே, இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஐந்தாம் இடத்துக்குக் கிடைத்த புள்ளிகள் 11. வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்த வேற்றுமையோ 4 புள்ளிகள். அரகானில் பழைய பயம் மேலிட்டு அவர் ஓடாமல் விட்டிருந்தால் 54 புள்ளிகளோடு நின்றிருப்பார். பழியைத் தீர்த்துக்கொள்வதாக எண்ணிக் கண்மூடித்தனமாக ஓட்டி மறுபடி விழுந்திருந்தாலும் அதே 54-தான். கோப்பையைத் தந்தது துபாயின் முதலிடம் மட்டுமன்று. அரகானின் ஐந்தாம் இடமும்தான். மீள்வது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பயத்துக்கும் அடிமையாகாமல், வீம்புக்கும் அடிமையாகாமல், அன்றைக்குத் தன்னால் இயன்றதைச் சரியாக அளந்து செய்து முடிப்பதே மீள்வது.

மோட்டோகிராஸிலேயே ஒரு சான்று வேண்டுமானால், நியூசிலாந்து நாட்டுக் கோர்ட்னி டங்கனைச் சொல்லலாம். 2016 முதல் 2018 வரை மூன்று ஆண்டுகளும் பட்டத்தை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தும், காயங்களாலும் பிற தடைகளாலும் அதை இழந்தார். 2018-இல் கால் எலும்பு முறிந்தது. 2019, 2020, 2021 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து பட்டம் வென்றார். 2022-இல் காறையெலும்பு முறிந்தது. 2023-இல் மீண்டும் பட்டம் பெற்றார். இவர்களுடைய மனவுறுதியைப் பாராட்டுவது எளிது. ஆனால் மனவுறுதி மட்டும் போதுமா? போதாது. உடம்பு தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அதன் காலக்கணக்கை அறிந்து நடந்தவர்களே மீள்கிறார்கள்.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். எலும்பு முறிந்தவுடன் அவ்விடத்தில் குருதி உறைந்து கட்டி நிற்கும். சில நாட்களில் அந்தக் கட்டியினுள் நார் போன்றதும் குருத்தெலும்பு போன்றதுமான மென்மையான பாலம் உருவாகும். பிறகு அந்தப் பாலத்தில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து கெட்டியாகும். அதன் பின்பும் வேலை முடிவதில்லை. மிகையாக வளர்ந்த பகுதியைக் கரைத்து, வேண்டிய பகுதியைத் தடிப்பாக்கி, பழைய உருவத்துக்குக் கொண்டுவர மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். பெரியவர்களுக்குக் காறையெலும்பு கூட, பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். இதில் ஏமாறுவதற்கு ஓர் இடம் உண்டு. மென்மையான பாலம் அமைந்தவுடனேயே வலி பெரும்பாலும் அடங்கிவிடும். வலி போய்விட்டது, ஆகவே எலும்பு கூடிவிட்டது என்று எண்ணி வண்டியேறுகிறவர்கள் பலர். சாரம் கட்டி நிற்கும் பாலத்தின்மேல் பாரவண்டியை ஓட்டுவது போன்றது அது. உலோகத் தகடு வைத்தவர்களும், தகடே தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. எலும்பு கூடும் வரை பிடித்துக் கொடுப்பதுதான் தகட்டின் வேலை.

முழங்காலின் கதை இன்னும் நீளமானது. தொடையெலும்பையும் கீழ்க்காலெலும்பையும் உள்ளே குறுக்காகப் பிணைக்கும் தசைநார் ஒன்று உண்டு. காலைத் தரையில் ஊன்றி உடம்பைத் திருப்பும்போது அது அறுந்துபோகும். ஓடித் திரும்பும் விளையாட்டுகளில் இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சில மடங்கு அதிகமாக நேர்கிறது. இடுப்பெலும்பின் அமைப்பு, தொடையின் முன்தசைக்கும் பின்தசைக்கும் உள்ள பல வேற்றுமை, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடங்கும் பழக்கம் முதலியவற்றைக் காரணமாகச் சொல்கிறார்கள். பழக்கத்தால் வருவதைப் பயிற்சியால் மாற்றலாம் என்பது ஆறுதலான செய்தி. இத்தசைநாரைப் புதிதாக வைத்துத் தைத்த பிறகு, கடுமையான விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது காத்திருக்கவேண்டும். 2016-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தாமதிக்கும்போதும் முழங்கால் மறுபடி காயமுறும் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று கண்டார்கள். ஒரு மாதப் பொறுமைக்கு இத்தனை பலன் தரும் மருந்து வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது தலையில் படும் அடி. மூளை அதிர்ந்தவருக்கு மயக்கம் வந்தே தீரவேண்டும் என்பதில்லை. தலைவலி, குமட்டல், தடுமாற்றம், நடந்ததை மறத்தல், வெளிச்சம் கூசுதல் இவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் அன்று மறுபடி வண்டியேறக் கூடாது. ஓய்விலிருந்து தொடங்கி, இலேசான நடை, தனிப்பயிற்சி, கடுமையான பயிற்சி என்று ஆறு படிகளாக ஏறி விளையாட்டுக்கு வரவேண்டும் என்றும், ஒவ்வொரு படிக்கும் ஒரு முழு நாளாவது இடைவெளி வேண்டும் என்றும், அறிகுறி மறுபடி தலைகாட்டினால் ஒரு படி கீழே இறங்கவேண்டும் என்றும் உலக மருத்துவர்கள் கூடி வகுத்திருக்கிறார்கள். முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது அடி விழுமானால் உயிருக்கே ஆபத்து. அடி வாங்கிய தலைக்கவசமும் அப்படியே. வெளியே பளபளப்பாக இருந்தாலும், அதன் உள்ளே உள்ள நுரைப்பகுதி ஒருமுறை நசுங்கினால் மறுபடி அடியைத் தாங்காது. அதை மாற்றிவிடவேண்டும்.

இந்தக் காலக்கணக்குகளைச் சொன்னதும் மாணவர்கள் நாட்காட்டியில் தேதி குறிக்கத் தொடங்குவார்கள். அங்கேதான் நான் உங்களைத் தூத்துக்குடிக் கடலுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். நம் கடலில் முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைகளைப் பார் என்று அழைப்பார்கள். அங்கே முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததன்று. இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று விதியும் இருந்ததில்லை. குளிப்புக்கு முன் அரசாங்கத்தார் படகனுப்பிப் பார்களைச் சோதிப்பார்கள். மூழ்குவோர் மாதிரிச் சிப்பிகளை எடுத்து வருவார்கள். அவற்றின் வயதைக் கணிப்பார்கள். அழுகவைத்துக் கழுவி, கிடைக்கும் முத்துக்களை மதிப்பிடுவார்கள். சிப்பி இளசாக இருந்தால் அவ்வாண்டு குளிப்பு இல்லை. எத்தனை பேர் கரையில் காத்திருந்தாலும் இல்லைதான். முதிர்ந்திருந்தால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். கடைசியாகத் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். காயம்பட்ட உடம்பும் ஒரு பார் போன்றதே. இத்தனை வாரம் ஆயிற்று என்பது சோதனைப் படகை அனுப்பவேண்டிய வேளை வந்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். குளிக்கலாமா என்பதைச் சொல்லவேண்டியது மாதிரிச் சிப்பி.

உடம்பில் மாதிரிச் சிப்பி எது? பயிற்சியாளர்கள் சில சோதனைகளை வைத்திருக்கிறார்கள். முழங்காலுக்கு: காயம்பட்ட காலின் பலம் நல்ல காலின் பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது இருக்கவேண்டும், ஒற்றைக் காலால் குதித்தால் இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே தூரம் தாவவேண்டும், இறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடங்கக் கூடாது. தோளுக்கு: கையை எல்லாத் திசையிலும் நோவின்றிச் சுழற்ற முடியவேண்டும், தரையில் கையூன்றித் தண்டால் எடுக்க முடியவேண்டும், எக்ஸ்ரே படத்தில் எலும்பு கூடியிருப்பதை மருத்துவர் கண்டு சொல்லவேண்டும். வண்டிக்கு: நிறுத்தியை முழு விசையோடு இழுத்து, திடீரென்று வந்த தடைக்குமுன் வண்டியை நேராக நிறுத்த முடியவேண்டும். கடைசிச் சோதனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மெதுவாக ஓட்டமுடிகிறது என்பது தேறியதற்கு அடையாளமாகாது. ஆபத்து நேர்ந்தால் சமாளிக்கமுடியும் என்பதே அடையாளம்.

சோதனையில் தேறியபின்பும் படிப்படியாகவே ஏறவேண்டும். கட்டுப்போட்ட இரண்டு வாரத்திலேயே தொடை இளைப்பது கண்ணுக்குத் தெரியும். இளைத்த தசையை மீட்கப் பல மாதங்கள் பிடிக்கும். ஆதலால் முதலில் நடை, பிறகு மிதிவண்டி, பிறகு வெறுந்திடலில் சில நிமிட ஓட்டம், பிறகு வளைவுகள், அதன்பின் சிறுமேடு, கடைசியில்தான் பிறரோடு போட்டி. ஒரு நாள் ஓட்டியபின் மறுநாள் காலையில் வீக்கமோ வலியோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் முந்திய படிக்கே திரும்பவேண்டும்.

பெண்பிள்ளைகள் தனியாக அறியவேண்டிய ஒன்றும் உண்டு. உடல் மெலியவேண்டும் என்றோ, வீட்டுப் பழக்கத்தினால் எல்லாருக்கும் பின்னால் மிஞ்சியதை உண்பதாலோ, செலவாகும் சக்திக்கு ஈடான உணவு கிடைக்காமற்போனால், மாதவிடாய் ஒழுங்கு குலைகிறது. அதோடு எலும்பும் வலுவிழக்கிறது. இதைப் பேசக் கூச்சப்பட்டு மறைப்பதால் எலும்பு முறிவு ஆறுவதும் தாமதமாகும். கம்பும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் பாலும் முட்டையும் மீனும் நம் பகுதியில் கிடைக்காத பொருள்கள் அல்ல. வயிறார உண்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

இனி உடம்பைவிட்டு வீட்டுக்கு வருகிறேன். என்னிடம் உடற்பயிற்சி பயின்ற ஒரு பெண், கல்லூரிக்குச் செல்லும் நாளில் வண்டியிலிருந்து விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்டாள். அதே மாதம் அவள் தம்பியும் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்தவர்கள் தம்பியைப் பார்த்து, "எப்போதப்பா மறுபடி வண்டி எடுக்கப்போகிறாய்?" என்று கேட்டார்கள். அவளைப் பார்த்து, "இனிமேல் உனக்கு வண்டி எதற்கம்மா?" என்று கேட்டார்கள். வண்டியை விற்றுவிடுவது என்றும் பேச்சு எழுந்தது. வண்டி போனால் அவள் படிப்பும் போகும். அவள் ஊருக்குக் கல்லூரி நேரத்தில் பஸ் இல்லை. அவள் என்னிடம் வந்து, "ஐயா, நான் மறுபடி ஓட்டலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டாள். "நான் சொல்லக்கூடாது அம்மா, மருத்துவரும் உன் தோளும் சொல்லவேண்டும். உன் தம்பியைப் பற்றியும் அவர்களே சொல்லவேண்டும்" என்றேன். இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்கும்படி அவள் தகப்பனாரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் நியாயவான், ஒப்புக்கொண்டார். மூன்றாம் மாதத்தில் அவள் தேறினாள். ஒன்றரை மாதத்திலேயே ஒருவரும் அறியாமல் வண்டியெடுத்த தம்பிக்கு மணிக்கட்டு மறுபடி முறிந்தது.

அடிபட்ட பெண்ணுக்கு நேரும் அநியாயமும், அடிபட்ட ஆணுக்கு நேரும் அபாயமும் ஒரே தவற்றிலிருந்து பிறப்பவை என்பதை இந்நிகழ்ச்சி எனக்கு உணர்த்தியது. அவள் உடம்பையும் யாரும் பார்க்கவில்லை. அவன் உடம்பையும் யாரும் பார்க்கவில்லை. பெண் என்றால் நிறுத்து, ஆண் என்றால் ஓட்டு என்று காயத்தைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பெண்ணுக்கு நிகருரிமை வேண்டுமென்று பாடிய பாரதியார் 1882-இல் பிறந்த ஊர் எங்கள் எட்டயபுரம். அந்த ஊர்க்காரர்கள் காயத்தின் முன்னேயாவது ஆணையும் பெண்ணையும் சமமாக நிறுத்தவேண்டாமா?

முடிவாக மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். பதினெட்டு வயது நிரம்பி உரிமம் பெறும் முன் கியர் உள்ள மோட்டார் சைக்கிளைத் தெருவில் ஓட்டாதீர்கள். தெருவைப் பந்தயத் திடலாக்காதீர்கள். பந்தயத்துக்குத் திடலும், பயிற்சியாளரும், மருத்துவ வண்டியும் வேண்டும். தலைக்கவசத்தை வாரை இறுக்கிப் பூட்டி அணியுங்கள். பூட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னே பறந்துவிடும். விழுந்தவர் வயிற்றில் அடிபட்டதாகச் சொன்னால், வெளியே காயம் இல்லையென்று வீட்டில் படுக்கவைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். எலும்பு முறிந்ததென்று ஐயம் தோன்றினால், கட்டுக்கட்டுவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அளவுக்கு மீறி இறுக்கிய கட்டினால் குருதியோட்டம் நின்று கையையே இழக்க நேரலாம். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே எலும்பு மருத்துவரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் உண்டு. கட்டு அவிழ்த்தபின் அவர்கள் சொல்லும் பயிற்சியை, சலிப்பாக இருந்தாலும், ஒரு நாளும் விடாமல் செய்யுங்கள். மீண்டும் ஏறலாம் என்ற சொல் அவர்களிடமிருந்து வந்தபின், பெண்ணாயினும் ஆணாயினும், அச்சமின்றி ஏறுங்கள்; வீட்டிலுள்ள பெரியவர்களும் அப்போது தடை சொல்லாமல் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள்.